காட்டு விலங்குகள் மீது விழுந்த பழி

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியில் தென் ரொடீசியா என்றொரு நாடு இருந்தது. இன்று அதன் பெயர் சிம்பாப்வே. அந்நாட்டில் 1919ஆம் ஆண்டு தொடங்கி 1960களின் தொடக்கம்வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டு விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. தந்தத்துக்காகவோ தோலுக்காகவோ இந்த வேட்டை நடைபெறவில்லை. சுட்டவர்கள் அரசிடம் கூலி பெற்ற வேட்டைக்காரர்கள். துப்பாக்கியும் தோட்டாவும் அரசே கொடுத்தது. மான்களும், வரிக்குதிரைகளும், காட்டெருமைகளும் செய்த குற்றம் என்ன? ஒரு நோயின் ஒட்டுண்ணியைத் தம் குருதியில் வைத்திருந்தன என்பதே.

இந்தக் குற்றச்சாட்டு பொய்யன்று. சோதனைகள் மூலம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அப்படியானால் தண்டனையும் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். உண்மையான ஒரு கண்டுபிடிப்பிலிருந்து அவசரமான ஒரு முடிவு எப்படிப் பிறந்தது, அதைச் சரிபார்க்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஈயும் ஒட்டுண்ணியும்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் ஓர் ஈ உண்டு. அதன் பெயர் செட்சி ஈ. நம் வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது; பழுப்பு நிறமுடையது. உட்காரும்போது சிறகுகளைக் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொள்ளும். கொசுக்களில் பெண் மட்டுமே குருதி குடிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். செட்சி ஈயிலோ ஆண், பெண் இரண்டுக்குமே குருதிதான் உணவு.

இந்த ஈயின் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி டிரிப்பனோசோமா எனப்படும் ஒற்றைச் செல் உயிரி. கிரேக்க மொழியில் 'டிரிப்பனோன்' என்றால் துளையிடும் திருகு. 'சோமா' என்றால் உடல். நுண்ணோக்கியில் பார்த்தால் நீண்டு முறுக்கிய உடலும் அதன் ஓரத்தில் அலைபாயும் சவ்வும் தெரியும். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு அது நீந்துவதைக் கண்டவர்கள் பெயர் பொருத்தமானதே என்று சொல்வார்கள்.

இது மாடு, குதிரை முதலியவற்றின் உடலில் புகுந்தால் அவை காய்ச்சல் கண்டு, இரத்தம் வற்றி, எலும்பும் தோலுமாக இளைத்து மடியும். இந்நோய்க்கு ஜூலு மக்கள் இட்ட பெயர் நாகானா. இதன் சில வகைகள் மனிதன் உடலிலும் வாழக்கூடியவை. முதலில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். பிறகு ஒட்டுண்ணி மூளையைத் தாக்கும். நோயாளி பகலில் உறங்குவான், இரவில் உறக்கமின்றித் தவிப்பான், பேச்சு குழறும், புத்தி தடுமாறும், மருத்துவம் செய்யாவிட்டால் இறுதியில் மரணம். இதுவே தூக்க நோய்.

இந்தியாவில் ஒரு முன்னோட்டம்

குருதியில் நீந்தும் இவ்வுயிரிகளை ஐரோப்பிய அறிஞர்கள் 1840களிலேயே மீனிலும் தவளையிலும் கண்டிருந்தனர். ஆனால் அவை நோய் உண்டாக்கும் என்று யாரும் கருதவில்லை. அதை முதலில் கண்டறிந்த பெருமை கிரிஃபித் எவான்ஸ் என்ற பட்டாளத்துக் கால்நடை மருத்துவருக்கு உரியது. கண்டறிந்த இடம் அன்றைய இந்தியாவின் பஞ்சாப். 1880ஆம் ஆண்டு டேரா இஸ்மாயில் கான் பகுதியில் படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சுர்ரா' என்ற நோயால் மடிந்துகொண்டிருந்தன. அவற்றின் குருதியில் எவான்ஸ் இவ்வுயிரியைக் கண்டார். அதுவே நோய்க்குக் காரணம் என்றார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை. பின்னாளில் அவ்வுயிரிக்கு டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. 100 ஆண்டுகள் வாழ்ந்த எவான்ஸ் 1935இல் மறைந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இவ்வுயிரியை மீண்டும் சந்திப்போம்.

உபோம்போ மலையில் டேவிட் புரூஸ்

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் நாகானா நோயால் மாடுகள் மடிந்தன. அதை ஆராய டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவரை அரசு அனுப்பியது. மால்டா காய்ச்சலின் கிருமியை 1887இல் கண்டறிந்தவர் இவர். உடன் சென்றவர் மனைவி மேரி எலிசபெத். படம் வரைவதிலும், நுண்ணோக்கியில் பார்ப்பதிலும், சோதனைகளை நடத்துவதிலும் அவர் கணவருக்குச் சமமாக உழைத்தார். உபோம்போ என்ற மலையுச்சியில் ஒரு மண்குடிசையே அவர்களின் ஆய்வுக்கூடம். மலைமேல் ஈ இல்லை. கீழே சமவெளிக் காட்டில் ஈ மொய்த்தது. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

நாகானாவைப் பற்றி அங்கு இரண்டு கருத்துகள் நிலவின. வெள்ளையர்கள் செட்சி ஈயின் கடியே காரணம் என்றனர். ஜூலு மக்களோ, காட்டு விலங்குகள் மேயும் இடத்தில் மாடு மேய்ந்தால் நோய் வரும், அவை புல்லையும் நீரையும் கெடுத்துவிடுகின்றன என்றனர். எது உண்மை? புரூஸ் சோதனையில் இறங்கினார்.

நலமான மாடுகளின் குருதியில் இல்லாத டிரிப்பனோசோமா நோயுற்ற மாடுகளின் குருதியில் இருப்பதை முதலில் கண்டார். அடுத்து, நலமான விலங்குகளைச் சில மணி நேரம் ஈக் காட்டுக்குள் ஓட்டிச் சென்றார். அங்கே புல் மேயவும் நீர் குடிக்கவும் விடாமல் மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அவற்றுக்கு நோய் கண்டது. பிறகு ஈக் காட்டின் புல்லையும் நீரையும் மலைக்குக் கொண்டுவந்து வேறு விலங்குகளுக்குக் கொடுத்தார். நோய் வரவில்லை. ஆகவே குற்றவாளி புல்லும் நீருமல்ல, ஈயே என்பது உறுதியாயிற்று.

அப்படியானால் ஜூலு மக்கள் சொன்னது வெறும் மூடநம்பிக்கையா? புரூஸ் அப்படித் தள்ளிவிடவில்லை. ஈக்கு ஒட்டுண்ணி எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டார். அக்காட்டில் மாடுகள் இல்லை. காட்டு விலங்குகளே இருந்தன. காட்டெருமை, வில்டபீஸ்ட், குடு மான், புஷ்பக் மான், கழுதைப்புலி முதலியவற்றின் குருதியை எடுத்து நாய்களின் உடலில் செலுத்தினார். அந்த விலங்குகளைப் பார்த்தால் நோயின் அறிகுறி சிறிதும் இல்லை. அவற்றின் குருதியை நுண்ணோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் எதுவும் தென்படவில்லை. ஆனால் அந்தக் குருதியைப் பெற்ற நாய்களில் சில நாகானா கண்டு மடிந்தன. காட்டு விலங்குகள் நோயைச் சுமக்கின்றன, ஆனால் நோயுறுவதில்லை! இரு தரப்பாரும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருந்தனர். விலங்கிலிருந்து மாட்டுக்கு நோயைக் கொண்டுசெல்லும் வழி ஈயின் வாய்.

இதை எளிதாக விளங்கிக்கொள்ள ஒரு பெரிய ஏரியையும், அதிலிருந்து வயலுக்குச் செல்லும் கால்வாயையும் நினைத்துப் பாருங்கள். வயலில் பாயும் நீர் கால்வாயில் ஊறியதன்று. ஏரியில் தேங்கியிருந்து வருவது. காட்டு விலங்கு ஏரி, ஈ கால்வாய், மாடு வயல். நோயைத் தன்னிடம் தேக்கி வைத்திருக்கும் விலங்கை அறிவியலார் 'நோய்த்தேக்கம்' என்பர். தலைமுறை தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்ததால் காட்டு விலங்கும் ஒட்டுண்ணியும் ஒருவகை உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. விருந்தினன் வீட்டுக்காரனைக் கொல்வதில்லை. வீட்டுக்காரனும் விருந்தினனை முழுவதும் விரட்டுவதில்லை. அவ்விடத்துக்குப் புதிதாக வந்த மாட்டுக்கு அந்த உடன்பாடு இல்லை.

மனிதனும் அகப்பட்டான்

சில ஆண்டுகளில் செய்தி இன்னும் கொடியதாயிற்று. 1901ஆம் ஆண்டு உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் தூக்க நோய் பரவுவதை மெங்கோ மருத்துவமனை மருத்துவர்கள் கண்டனர். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த ஏரிக்கரையிலும் தீவுகளிலுமாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மாண்டனர். ஊர்கள் முழுவதும் காலியாயின. காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிப்பனோசோமாவைக் கண்டார். 1903இல் அங்கு வந்து சேர்ந்த புரூஸ், இதைப் பரப்புவதும் ஒருவகைச் செட்சி ஈயே என்று காட்டினார்.

ஈயையும் மனிதனையும் பிரித்துவிட்டால் நோய் நின்றுவிடும் என்று கருதிய ஆட்சியாளர்கள், ஏரிக்கரை மக்களையும் தீவு மக்களையும் உள்நாட்டுக்கு வெளியேற்றினர். மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் ஏரியை இழந்தனர். ஆனால் மனிதர் வெளியேறி இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் கரையில் பிடித்த ஈக்களிடம் ஒட்டுண்ணி இருந்தது! மனிதக் குருதி கிடைக்காத ஈக்கு அது எங்கிருந்து வந்தது? ஐயம் மீண்டும் மான்கள் மீது விழுந்தது.

1910ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீபன்ஸ், ஃபான்தம் என்ற இருவர் மற்றொரு வகை ஒட்டுண்ணியை விவரித்தனர். நோயாளி வட ரொடீசியாவின், அதாவது இன்றைய சாம்பியாவின், லுவாங்வா பள்ளத்தாக்கில் நோயுற்றவர். இந்த ரொடீசிய வகை ஆண்டுக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கிலேயே ஆளைக் கொன்றுவிடும். 1912இல் அதே பள்ளத்தாக்கில் கிங்ஹார்ன், யார்க் என்ற ஆய்வாளர்கள் காட்டு மான்களிடமும் இத்தகைய ஒட்டுண்ணி இருப்பதைக் கண்டறிந்தனர். அக்காலத்தில் நியாசாலாந்து எனப்பட்ட மலாவியில் புரூஸ் குழுவினர் ஆய்ந்தபோது, ஈக் காட்டில் சுடப்பட்ட விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏதேனும் ஒரு தீங்கான டிரிப்பனோசோமாவைச் சுமந்திருந்தது.

'ஏரியை வற்றச் செய்யுங்கள்'

இப்போது ஏரி உவமையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஏரியை வற்றச் செய்தால் கால்வாய் தானே காயும் அல்லவா? புரூஸ் இந்த முடிவுக்குத்தான் வந்தார். ஈப் பகுதிகளில் காட்டு விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடாது, அவற்றை ஒழிக்க வேண்டும் என்று வாதிட்டார்.

இதற்கு ஆதாரமாக இயற்கையே நடத்திய ஒரு சோதனையையும் காட்டினார்கள். 1896இல் மாட்டு வெக்கை நோய் தென்னாப்பிரிக்காவில் புகுந்து மாடுகளையும் காட்டெருமைகளையும் மான்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு டிரான்ஸ்வால் பகுதியில் செட்சி ஈயே மறைந்துவிட்டது. குருதி தர விலங்கு இல்லாவிட்டால் ஈயும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்றனர்.

எதிர்ப்பும் எழுந்தது. விலங்கியலார் பலர் இதை ஏற்கவில்லை. மாக்ஸ் டௌட்டே என்ற ஜெர்மானிய மருத்துவர், விலங்குகளில் உள்ளது வேறு, மனிதனைக் கொல்வது வேறு என்று கூறி, விலங்கின் ஒட்டுண்ணியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. பின்னர் ஆப்பிரிக்கச் சுமைகூலிகள் நூற்றுக்கு மேற்பட்டோரின் உடலிலும் செலுத்தினார். தம் உடலில் சோதிப்பது துணிவு. மறுக்க இயலாத கூலிகளின் உடலில் சோதிப்பதை இன்று எந்த மருத்துவ நெறியும் ஏற்காது. லண்டனில் 1914ஆம் ஆண்டு அறிக்கை தந்த அரசுக் குழு விலங்குகளை ஒட்டுமொத்தமாகக் கொல்ல இசையவில்லை; ஒரு வரையறுத்த பகுதியில் சோதித்துப் பார்க்கலாம் என்றது. அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது.

போர் முடிந்ததும் ரொடீசியாவில் துப்பாக்கிகள் முழங்கின. ஜூலுலாந்திலும் 1942க்கும் 1950க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அருகி வந்த வெள்ளைக் காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தனர். ஈ குறைந்ததா? ரொடீசியாவில் பல இடங்களில் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் மாடு வளர்க்க முடிந்தது. ஆனால் வேட்டையைத் தளர்த்திய இடங்களில் ஈ திரும்பி வந்தது. ஜூலுலாந்திலோ அத்தனை விலங்குகளைக் கொன்றும் ஈ ஒழியவில்லை. 1945 முதல் விமானங்களிலிருந்து டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகளைத் தூவிய பிறகே ஒழிந்தது.

கேட்க மறந்த கேள்வி

இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் எந்த விலங்கின் குருதியில் ஒட்டுண்ணி இருக்கிறது என்றே தேடினர். ஈ எந்த விலங்கைக் கடிக்கிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை யாரிடமும் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. ஓர் ஏரியில் நீர் நிறைந்திருக்கலாம். ஆனால் நம் கால்வாய் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது என்பது என்ன நிச்சயம்?

இக்கேள்விக்கு விடை தர ஒரு நல்ல கருவி தேவைப்பட்டது. அதைத் தந்தது குருதிச் சீரம் பற்றிய அறிவு. ஒரு காட்டெருமையின் சீரத்தை முயலின் உடலில் செலுத்தினால், முயல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். பிறகு அந்த முயலின் சீரத்தைக் காட்டெருமைக் குருதியுடன் கலந்தால் வெண்மையான வீழ்படிவு தோன்றும். தொலைவான இனத்தைச் சேர்ந்த மற்றொரு விலங்கின் குருதியுடன் கலந்தால் தோன்றாது. ஆகவே ஈயைப் பிடித்து, அதன் வயிற்றிலுள்ள குருதித் துளியைச் சோதித்தால் அது கடைசியாக எந்த விலங்கைக் கடித்தது என்று கூறிவிடலாம். ஈயின் வயிறே சாட்சி சொல்லும்!

இங்கிலாந்தில் லிஸ்டர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெர்னார்ட் வைட்ஸ், இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1950களில் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான ஈக்களின் வயிற்றுக் குருதியைச் சோதித்தார். முடிவுகள் வியப்பூட்டின. வார்ட்ஹாக் எனப்படும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி, புதர்களில் ஒளிந்து வாழும் புஷ்பக் மான், குடு மான், காட்டெருமை என ஒரு சில விலங்குகளையே செட்சி ஈ விரும்பிக் கடிக்கிறது. வரிக்குதிரை, வில்டபீஸ்ட், இம்பாலா மான், வாட்டர்பக் மான் ஆகியவை மந்தை மந்தையாகக் கண்ணெதிரே மேய்ந்தாலும் அவற்றை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை.

இதன் பொருள் என்ன? சுட்டுத் தள்ளப்பட்ட விலங்குகளில் பெரும் எண்ணிக்கையிலானவை ஈக்கு உணவே தராதவை. அவற்றின் இறப்பால் ஒரு மாடுகூடப் பிழைத்திருக்காது. ஒரு மனிதரும் பிழைத்திருக்கமாட்டார். விடை வந்தபோது துப்பாக்கிகள் சுடத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொழுவத்திலேயே ஒரு தேக்கம்

மற்றொரு கேள்வியும் அதுவரை முழுமையாகத் தீர்க்கப்படாமல் இருந்தது. மானின் உடலிலுள்ள ஒட்டுண்ணி மெய்யாகவே மனிதனுக்கு நோய் தருமா? நாகானா ஒட்டுண்ணியும் ரொடீசிய வகை ஒட்டுண்ணியும் நுண்ணோக்கியில் ஒன்று போலவே தோன்றும். எனவே மனிதன் உடலில் செலுத்திப் பார்ப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை. 1958இல் ஹைஷ், மக்மஹோன், மான்சன்-பார் ஆகியோர் கென்யாவில் ஒரு புஷ்பக் மானிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணியைத் தன்னார்வலர் ஒருவரின் உடலில் செலுத்தினர். அவருக்குத் தூக்க நோய் கண்டது. புரூஸ் எழுப்பிய ஐயம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் உறுதியாயிற்று.

ஆனால் எட்டே ஆண்டுகளில் மற்றொரு செய்தி வந்தது. 1966இல் ஒன்யாங்கோ என்ற ஆப்பிரிக்க ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும், கென்யாவின் அலேகோ பகுதியில் மனிதனுக்கு நோய் தரும் ஒட்டுண்ணி வீட்டு மாடுகளிடமே இருக்கக் கண்டனர். காட்டு விலங்குக்கு அஞ்சி மாட்டைப் பாதுகாத்தார்கள். கடைசியில் அந்த மாடே நோய்த்தேக்கமாக இருக்கிறது!

1998ஆம் ஆண்டு இறுதியில் கிழக்கு உகாண்டாவின் சொரோட்டி மாவட்டத்தில், அதுவரை இல்லாத தூக்க நோய் தோன்றியது. எப்படி வந்தது? ஆராய்ந்தபோது, நோயுள்ள பகுதிகளிலிருந்து மாடுகள் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட ஒரு மாட்டுச் சந்தையை ஒட்டிய ஊர்களில்தான் நோயாளிகள் மிகுந்திருந்தனர். நோயைக் கொண்டுவந்தவை விலை கொடுத்து வாங்கிய மாடுகளே. இதை உணர்ந்த பிறகு, உகாண்டாவில் 2006 முதல் மாடுகளுக்கு மருந்து ஊசி போட்டு, ஈ மிகுதியாகக் கடிக்கும் கால்களிலும் வயிற்றிலும் மட்டும் பூச்சிக்கொல்லி தெளிக்கும் முறையைக் கையாண்டனர். செலவும் குறைவு, சுடவேண்டிய தேவையும் இல்லை.

நம்மைக் காக்கும் ஒரு புரதம்

டௌட்டேக்கு ஏன் நோய் வரவில்லை என்று உங்களுக்குக் கேள்வி எழுந்திருக்கும். மனிதக் குருதியில் ஏ.பி.ஓ.எல்.1 என்ற ஒரு புரதம் உண்டு. அது ஒட்டுண்ணியின் உள்ளே புகுந்து சவ்வுகளில் துளையிட்டு அதைக் கொன்றுவிடும். சாதாரண நாகானா ஒட்டுண்ணி நம் உடலில் பிழைக்காததற்குக் காரணம் இதுவே. ரொடீசிய வகையோ அந்தப் புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் ஒரு மறுபுரதத்தைப் பெற்றிருக்கிறது. இவ்விவரங்களை 1998 முதல் 2003 வரையிலான ஆண்டுகளில் பெல்ஜியத்தில் எத்தியென் பேய்ஸ் குழுவினர் வெளிப்படுத்தினர். இன்று ஒட்டுண்ணியிடம் அந்த மறுபுரதத்துக்கான மரபணு உள்ளதா என்று பார்த்தே அது மனிதனைத் தாக்குமா எனக் கூறிவிடலாம். யாருடைய உடலிலும் செலுத்திப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது எவான்ஸின் உயிரிக்கு வருவோம். இந்தியாவில் செட்சி ஈ இல்லை. ஆனால் சுர்ரா நோயைக் குதிரை ஈ முதலிய கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன. அது மனிதனைத் தாக்காது என்றே நம்பப்பட்டு வந்தது. 2004ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தில் மாடு வளர்க்கும் ஒரு விவசாயிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. அவர் குருதியில் டிரிப்பனோசோமா எவான்சி நீந்திக்கொண்டிருந்தது! ஆராய்ந்தபோது பிறவியிலேயே அவர் உடலில் அந்தக் காவல் புரதம் இல்லை என்று தெரிந்தது. சுராமின் என்ற மருந்தால் அவர் குணமடைந்தார். பஞ்சாபில் தொடங்கிய கதையின் ஒரு முடிச்சு, ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து நம் நாட்டிலேயே அவிழ்ந்தது.

இன்றைய நிலை

செட்சி ஈக்கு ஒரு பலவீனம் உண்டு. அது கொசுவைப் போல நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பெண் ஈ ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத்தான் ஈனும். அதுவும் ஏறத்தாழ ஒன்பது, பத்து நாட்களுக்கு ஒரு முறை. ஆகவே நாள்தோறும் சிறிதளவு ஈக்களைக் கொன்று வந்தாலே அதன் தொகை சரிந்துவிடும். அதற்குத் துப்பாக்கி எதற்கு?

1930களிலேயே ஜூலுலாந்தில் ஹாரிஸ் என்பவர், ஈ கருத்த விலங்கின் நிழலுருவை நாடி வருவதைக் கவனித்து, துணியால் பொறி செய்து ஈக்களைப் பிடித்தார். பின்னர் வந்தவர்கள் ஒளியின் நிறத்தை ஆராய்ந்தனர். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்தமானது. ஒரு துணி எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை எதிரொளிக்கிறது என்று அளந்து பார்த்தபோது, நீல நிறம் ஈயைத் தொலைவிலிருந்து இழுக்கிறது, கருநிறம் அதை வந்து உட்காரச் செய்கிறது என்று தெரிந்தது. சிம்பாப்வேயில் கிளின் வேல் என்ற அறிஞர் மாட்டின் மூச்சுக் காற்றையும் உடல் மணத்தையும் ஆராய்ந்தார். கார்பன் டை ஆக்சைடு, அசிட்டோன், ஆக்டினால் ஆகியவை ஈயை அழைக்கும் மணங்கள் என்று தெரிய வந்தது. மணத்தைத் தூதனுப்பும் இந்த நீலத் துணிப் பொறிகளும், மருந்து தோய்த்த துணித் திரைகளும் இன்று பல நாடுகளில் ஈயைக் கொல்கின்றன.

எல்லாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது வாட்டர்பக் மானின் கதை. ஈ ஏன் அதைத் தொடுவதில்லை என்று நைரோபியிலுள்ள பூச்சியியல் ஆய்வு மையத்தினர் ஆராய்ந்தனர். அதன் உடலிலிருந்து எழும் சில மணப்பொருள்கள் ஈயை விரட்டுகின்றன என்று கண்டனர். அப்பொருள்களைச் சிறு குப்பியில் அடைத்து மாட்டின் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டால், மாட்டை நாடி வரும் ஈக்கள் குறைகின்றன, நாகானாவும் குறைகிறது. நோயைச் சுமக்கிறது என்று சொல்லிச் சுட்ட விலங்கு, மாட்டைக் காக்கும் வழியைத் தன் தோலிலேயே வைத்திருந்தது. எல்லா மான்களையும் கொன்று முடித்திருந்தால் இதை யாரிடம் போய்க் கற்றிருப்போம்?

1998இல் ஏறத்தாழ 40,000 தூக்க நோயாளிகள் பதிவாயினர். 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவாகவே பதிவாகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் காணப்படும் காம்பிய வகையால் நோயுற்றவர்கள். அந்த வகை முக்கியமாக மனிதனிடமே தங்குவதால், அதன் பரவலை 2030க்குள் நிறுத்த முடியும் என உலக சுகாதார நிறுவனம் குறிக்கோள் வைத்திருக்கிறது. ரொடீசிய வகைக்கு அத்தகைய குறிக்கோள் வைக்கவில்லை. காட்டில் விலங்குகள் இருக்கும்வரை அது முற்றிலும் ஒழியாது என்பதை ஒப்புக்கொண்டு, மனிதருக்கு வராமல் தடுப்பதையும், வந்தால் விரைவில் கண்டு குணப்படுத்துவதையுமே நாடுகிறார்கள்.

டேவிட் புரூஸ் 1931ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். நான்கு நாட்களுக்கு முன் மறைந்த மனைவியின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவர் கண்டது எதுவும் பொய்யாகவில்லை. காட்டு விலங்கு ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று உபோம்போ மலைக் குடிசையில் அவரும் மேரியும் கண்டது இன்றும் பாடநூல்களில் நிற்கும் உண்மை. ஆனால் 'சுமக்கிறது' என்பதற்கும் 'கொல்ல வேண்டும்' என்பதற்கும் இடையே கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. எந்த விலங்கு? எந்த ஈ? ஈ யாரைக் கடிக்கிறது? மாட்டுக்கு இதில் பங்கில்லையா? அவற்றைக் கேட்குமுன் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள்.

நம் காலத்திலும் ஏதேனும் ஒரு நோய் பரவியதும், இது வௌவாலால் வந்தது, அது குரங்கால் வந்தது என்று செய்தி வருகிறது. உடனே அவ்விலங்குகளை விரட்டவும் அடிக்கவும் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அத்தகைய செய்தி உங்கள் ஊரை எட்டும்போது, அந்த விலங்கிலிருந்து மனிதனுக்கு நோய் வரும் வழி எது, அந்த வழியில் எந்த இடத்தை அடைக்கலாம் என்று முதலில் கேளுங்கள். ஏரியை உடைக்காமல் மதகை மூட முடியும் என்பதைச் செட்சி ஈ நாடுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.